வாள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது

நேற்று இரவு என் தங்கை மகன், திரையில் வரிசையாக நின்ற இருபது மெழுகுவத்திகளில் ஏழாவதை மட்டும் வெட்டினான். ஆறாவதும் எட்டாவதும் அப்படியே நின்றன. கை நின்ற இடத்தில் வாளும் நின்றது. பார்ப்பவர்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. எனக்கு இது ஏழு வார வேலை. மறந்து போவதற்குள் குறிப்பேட்டில் உள்ள அளவுகளைப் பார்த்து எழுதி வைக்கிறேன். தவறிய இடங்களையும் விடவில்லை. அவற்றை விட்டால் எழுத இரண்டு வார விஷயம்கூட மிஞ்சாது.

செய்தது, கையில் பிடித்து வாளைப் போல வீசும் ஒரு கன்ட்ரோலர். அதற்கென்று நானே எழுதிய சிறு விளையாட்டில் மெழுகுவத்திகள் வில்போல வளைந்து நிற்கும். எந்த எண் ஒளிர்கிறதோ அதை மட்டும் வெட்ட வேண்டும், அடுத்ததைத் தொட்டால் போச்சு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 5 டிகிரி. இந்த 5 டிகிரிதான் என்னைப் படுத்தி எடுத்தது. கையின் அசைவு திரைக்கு வந்து சேர எப்போதும் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தை மறைக்க, கை இப்போது இருக்கும் இடத்தைக் காட்டாமல் சில மில்லி நொடி கழித்து இருக்கப்போகும் இடத்தைக் கணித்துக் காட்ட வேண்டும். இதைத்தான் செய்ய நினைத்தேன். கணிப்பதற்கு முன் எவ்வளவு விஷயங்களைச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதைத்தான் கணிக்கவில்லை.

முதலில் அலமாரியில் கிடந்த பழைய வீ ரிமோட்டைத் திறந்து பார்த்தேன், நின்டெண்டோவின் வீ விளையாட்டுப் பெட்டிக்கானது. 2006இல் வந்த முதல் வகை. திருகுகளின் தலையில் மூன்று வெட்டு இருக்கும், வழக்கமான ஸ்க்ரூடிரைவர் பிடிக்காது. அதற்கு ஒரு தனி முனை வாங்க வேண்டியிருந்தது. உள்ளே முடுக்கத்தை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்330 என்ற மூன்று அச்சு முடுக்கமானி ஒன்று, முன்புறத்தில் அகச்சிவப்புக் கேமரா ஒன்று. அசைவைப் பார்க்க இவ்வளவுதான். தொலைக்காட்சியின் மேல் வைக்கும் பட்டையின் பெயர் சென்சார் பட்டை என்றாலும் அதில் சென்சாரே கிடையாது. இரு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள் மட்டும். பட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எரியும் மெழுகுவத்தி இரண்டை வைத்தால்கூட ரிமோட் தன் வேலையைச் செய்கிறது. விளையாட்டுக்கு மெழுகுவத்தி என்ற யோசனை வந்ததே அங்கிருந்துதான்.

முடுக்கமானிக்குப் புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று தெரியும். அதனால் ரிமோட்டைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் கண்டுபிடித்துவிடும். மேசைக்கு இணையாக வைத்து இடம் வலமாகத் திருப்பினால் ஈர்ப்பின் திசை மாறுவதில்லை, எனவே அதற்கு ஒன்றும் தெரியாது. என் மெழுகுவத்திகள் நிற்பதோ இடம் வலமாக. 2009இல் ரிமோட்டின் அடியில் மாட்டும் மோஷன்பிளஸ் என்ற துண்டு வந்தது இதற்காகத்தான். சுழற்சி வேகத்தை அளக்கும் கைரோக்கள் அதில் இருந்தன. ரிமோட்டை மூடி வைத்துவிட்டு, இரண்டும் சேர்ந்த சென்சாரை வைத்துப் புதிதாகவே செய்வது என்று முடிவு செய்தேன்.

வாங்கியவை: எம்பியு-6050 சென்சார் பலகை இரண்டு, புளூடூத் உள்ள ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, 500 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி, டிபி4056 சார்ஜ் பலகை, ஓர் அழுத்து பொத்தான், 32 மில்லிமீட்டர் விட்டமும் 26 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பிளாஸ்டிக் குழாய். மொத்தச் செலவு ஒரு புதிய கன்ட்ரோலரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. உடைத்ததையும் பொசுக்கியதையும் சேர்த்தால் பாதியைத் தாண்டும். இதில் அதிகமாகப் பிடுங்கியது பேட்டரி.

சார்ஜ் பலகையில் ஒரு கண்ணி இருக்கிறது. அதில் வழக்கமாக வரும் 1.2 கிலோ ஓம் மின்தடை 1 ஆம்பியர் மின்னோட்டத்துக்கானது. 500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது இரு மடங்கு வேகம். தயாரிப்பாளரின் தரவுத்தாளின்படி 5 கிலோ ஓம் போட்டால் 250 மில்லி ஆம்பியர். கையில் 4.7 கிலோ ஓம் இருந்தது, அதையே மாற்றிச் சாலிடர் செய்தேன். அரிசியில் கால் பங்கு அளவுள்ள அந்த மின்தடையைக் கழற்றும்போது பக்கத்துத் தடத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டேன். இரண்டாவது சார்ஜ் பலகை வாங்கிய கதை அதுதான்.

முதல் சென்சார் பலகை பேசவே மறுத்தது. இந்தச் சில்லுகளிடம் ‘நீ யார்’ என்று கேட்க ஒரு பதிவகம், அதாவது சில்லுக்குள் ஓர் எண்ணை வைக்கும் சிறு இடம், உண்டு; எம்பியு-6050 அதற்குப் பதினாறடிமான எண்ணில் 68 என்று பதில் சொல்ல வேண்டும். இது 70 என்றது. அது எம்பியு-6500இன் எண். மேலே ஒட்டிய பெயர் ஒன்று, உள்ளே இருந்தது வேறு. சில்லு மட்டமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் முடுக்கமானியின் நடுக்கத்தை நீக்கும் வடிகட்டிக்குத் தனிப் பதிவகம் இருக்கிறது. 6050க்கு எழுதிய நிரலை அப்படியே ஓட்டினால் கைரோவுக்கு மட்டும் வடிகட்டி மாறும், முடுக்கமானி பழையபடியே இருக்கும். குழப்பம் வேண்டாம் என்று அதை ஒதுக்கிவிட்டு இரண்டாவதைக் கேட்டேன். 68 என்றது. ஆனால் எல்லா அச்சிலும் பூச்சியத்தையே அனுப்பியது. அரை மணி நேரம் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிய பிறகுதான் தரவுத்தாளைப் படித்தேன்: மின்சாரம் கொடுத்ததும் இந்தச் சில்லு தூக்க நிலையில்தான் தொடங்கும். எழுப்புவதற்கு ஒரே ஒரு பதிவகத்தில் பூச்சியம் எழுதினால் போதும்.

பிறகு ஒரு வாரம் முழுவதும் வீண். முடுக்கம் தெரிந்தால் ஒருமுறை தொகுத்து வேகம், மறுமுறை தொகுத்து இடம் என்று பள்ளிக்கூடத்துக் கணக்கு சொல்கிறது அல்லவா? வாளின் திசையோடு கையின் இடத்தையும் காட்டிவிடலாம் என்று ஆசைப்பட்டேன். கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தேன். திரையில் வாள் மெல்ல நகர்ந்தது, வேகம் எடுத்தது, சுவரைத் துளைத்துக்கொண்டு போயே போய்விட்டது. காரணம் எளிது. சாய்வைக் கணக்கிடுவதில் 1 டிகிரி பிசகினாலும் ஈர்ப்பில் ஒரு சிறு துண்டு, நொடி வர்க்கத்துக்கு 0.17 மீட்டர், கழிபடாமல் தங்கிவிடும். முதல் நொடியில் அதனால் வரும் தவறு 8.6 சென்டிமீட்டர். பத்து நொடியில் எட்டரை மீட்டர். 2010இல் வந்த பிளேஸ்டேஷன் மூவ் கன்ட்ரோலரின் தலையில் ஏன் ஒரு ஒளிரும் உருண்டை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கேமரா அந்த உருண்டை இருக்கும் இடத்தையும் படத்தில் அதன் அளவையும் பார்த்துத் தூரத்தைச் சொல்கிறது. முடுக்கமானியை நம்பி யாரும் இடத்தைச் சொல்லவில்லை. இடத்தைக் கைவிட்டேன், திசை மட்டும் போதும்.

திசையும் எளிதாக வரவில்லை. மெதுவாகத் திருப்பினால் சரியாக இருந்தது. வேகமாக வீசினால் வாள் பாதி வழியில் நின்றது. 90 டிகிரி வீச்சுக்குத் திரையில் ஐம்பதுகூட வரவில்லை. கைரோவை நொடிக்கு 250 டிகிரி வரம்பில் வைத்திருந்தேன், துல்லியம் அதிகம் என்று. அளவுகளை வரைந்து பார்த்தபோது மலை உச்சியை அரிவாளால் சீவியதுபோல் மேல் பகுதி தட்டையாக இருந்தது. கை வீச்சு நொடிக்கு 600 டிகிரியைச் சாதாரணமாகத் தொடுகிறது, பையன் வீசினால் 900. வரம்பை 2000க்கு மாற்றினேன். அந்த வரம்பில் ஒரு டிகிரி வேகத்துக்கு 16.4 எண்கள்தான் கிடைக்கும், 250 வரம்பில் 131 கிடைக்கும். இழந்த துல்லியத்தை என்னால் கையில் உணர முடியவில்லை.

அடுத்தது சென்சார் வைத்த இடம். வாளின் நுனிதானே அசைகிறது என்று குழாயின் மேல் முனையில் வைத்திருந்தேன், மணிக்கட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி. நொடிக்கு 600 டிகிரியில் சுழற்றும்போது அந்த இடத்தில் வெளிப்புறமாக இழுக்கும் முடுக்கம் 2.2 ஜி. ஈர்ப்பு 1 ஜி. அதாவது வீச்சின் நடுவில் முடுக்கமானியைக் கேட்டால் ‘கீழே’ என்பது வாள் நுனியின் பக்கம் என்று சாதிக்கும். கைரோவின் கணக்கில் 98 பங்கும் முடுக்கமானியின் கணக்கில் 2 பங்கும் சேர்க்கும் வழக்கமான கலவையைத்தான் போட்டிருந்தேன். நொடிக்கு 200 முறை கலக்கும்போது அந்த 2 பங்கு சிறியது அல்ல. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் வாள் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. போதாததற்கு முடுக்கமானியின் வரம்பு 2 ஜி, ஆகவே அதுவும் சீவப்பட்டது.

மூன்று மாற்றங்கள் செய்தேன். சென்சாரைக் கைப்பிடிக்குள், மணிக்கட்டிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு இறக்கினேன், இழுப்பு 0.56 ஜியாகக் குறைந்தது. வரம்பை 8 ஜி ஆக்கினேன். மொத்த முடுக்கம் 1 ஜிக்கு மிக அருகில் இருக்கும்போது மட்டும் முடுக்கமானியின் பேச்சைக் கேட்பது, அப்போதும் ஆயிரத்தில் 2 பங்கு மட்டும் என்று வைத்தேன். சாய்வு அன்றோடு ஒழிந்தது. சென்சாரை முதலில் ஸ்பாஞ்சு சுற்றிச் செருகியிருந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதிர்வைத் தடுக்கும் என்று நினைத்தேன், ஆனால் சென்சார் தனியாக ஆட அது வழி செய்தது. இப்போது இரண்டு திருகுகளால் மரத்துண்டில் இறுக்கி, மரத்துண்டைக் குழாய்க்குள் அடித்துச் செருகியிருக்கிறேன்.

கைரோ சும்மா இருக்கும்போதும் ஏதோ ஒரு வேகத்தைச் சொல்லும். எம்பியு-6050இன் தரவுத்தாளே நொடிக்கு 20 டிகிரி வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கலாம் என்கிறது. என்னுடையது செங்குத்து அச்சில் 1.7. கேட்கச் சின்ன எண்; ஒரு நிமிடத்தில் 102 டிகிரி. தொடங்கும்போது இரண்டு நொடி மேசைமேல் வைத்து 400 அளவீடுகளின் சராசரியைக் கழித்தேன். பத்து நிமிடம் நன்றாக ஓடியது, பிறகு வாள் மறுபடி நழுவ ஆரம்பித்தது. சில்லு சூடானதும் அந்த 1.7 வேறு எண்ணாகிவிடுகிறது, குழாய்க்குள் பேட்டரியும் புளூடூத் ரேடியோவும் பக்கத்திலேயே காய்கின்றன. இப்போது கன்ட்ரோலர் ஒரு நொடி அசையாமல் இருந்தால் போதும், தானே புதிய சராசரி எடுத்துக்கொள்ளும். இடம் வலத் திசைக்கு ஈர்ப்பு உதவாது என்பதால் காந்தமானி ஒன்றையும் சேர்த்துப் பார்த்தேன். ஒலிபெருக்கிக்கு அருகே போனால் வடக்கு மாறியது. கழற்றிவிட்டேன். பொத்தானை இரண்டு நொடி அழுத்தினால் வாள் நடுவுக்கு வரும், அவ்வளவுதான்.

இந்த நிலையில் பையனை முதல்முறை கூப்பிட்டேன். வீசிப் பார்த்துவிட்டு, “மாமா, வாள் தண்ணீருக்குள் இருக்கிறது” என்றான்.

அவன் சொன்னது சரி. திரையில் வாள் நடுங்காமல் இருக்க வேண்டும் என்று சில்லின் உள் வடிகட்டியை ஆகக் குறைந்த 5 ஹெர்ட்ஸில் வைத்திருந்தேன். போதாமல் கடைசி 20 அளவீடுகளின் சராசரியையும் எடுத்திருந்தேன். அழகாக, பட்டுப்போல ஓடியது. அளந்து பார்க்கலாம் என்று மொபைலில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்கக் காணொளியை வைத்து, கையும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி பதிவு செய்தேன். குழாயில் ஒரு வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டேன். கோடு முதலில் அசைந்த படத்திலிருந்து திரையில் வாள் அசைந்த படம் வரை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினேன். 26 படங்கள். ஒரு படத்துக்கு 4.17 மில்லி நொடி, ஆக 108 மில்லி நொடி. நொடிக்கு 600 டிகிரி வீச்சில் வாள் கைக்கு 65 டிகிரி பின்னால் வருகிறது. பதின்மூன்று மெழுகுவத்திகள்!

அந்த 108இல் யார் யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று பார்த்தேன். 5 ஹெர்ட்ஸ் வடிகட்டி 18.6 மில்லி நொடி. 20 அளவீட்டுச் சராசரி 47.5. இரண்டும் நானே சேர்த்தவை. வடிகட்டியை 98 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 2.8 மில்லி நொடிதான். மாற்றினேன், சராசரியைத் தூக்கி எறிந்தேன். நடுக்கம் வரும் என்று பயந்தேன். வந்த நடுக்கத்தை மூக்கைத் திரையில் ஒட்டினால்தான் பார்க்க முடிந்தது. மறுபடி எண்ணியபோது 11 படங்கள், 46 மில்லி நொடி. பிறகு தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் போய் விளையாட்டு முறையை இயக்கினேன். படத்தை மெருகேற்றும் வேலையை அது நிறுத்திவிடும். 8 படங்கள், 33 மில்லி நொடி. ஒரு பொத்தானில் 13 மில்லி நொடி கிடைத்தது. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

மிச்சத்தில் பெரும்பகுதி புளூடூத்தும் திரையும். இந்தப் பலகையின் புளூடூத் குறைந்த ஆற்றல் முறையில் இரு இணைப்புக் கணங்களுக்கு இடையே 7.5 மில்லி நொடி வரை குறைக்கலாம்; நான் அதைத்தான் கேட்டேன், கணினி 15 தான் தந்தது. நொடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படம் 16.7 மில்லி நொடி நிற்கும். இவற்றை என்னால் அசைக்க முடியாது. இங்கே ஜாய்-கானின் வழக்கம் ஒன்று உதவியது. 2017இல் நின்டெண்டோ ஸ்விட்சோடு வந்த அந்தக் கன்ட்ரோலர் 15 மில்லி நொடிக்கு ஒரு தரவுப் பொட்டலம் அனுப்பினாலும் அதற்குள் 5 மில்லி நொடி இடைவெளியில் எடுத்த மூன்று அளவீடுகளை அடைத்து அனுப்புகிறது. நான் அதுவரை கடைசி அளவீட்டை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். இடையே ஒரு பொட்டலம் தொலைந்தால் அந்த 15 மில்லி நொடியின் சுழற்சியும் தொலைந்தது, ஏனென்றால் சுழற்சிகளைக் கூட்டித் திசை காணும் வேலையை விளையாட்டின் பக்கம் வைத்திருந்தேன். இப்போது கூட்டலைக் கன்ட்ரோலரே செய்து முழுத் திசையையும் அனுப்புகிறது, கூடவே மூன்று கைரோ அளவீடுகளையும். ஒரு பொட்டலம் தொலைந்தால் அடுத்தது வந்து சரியாக்கிவிடும்.

ரேடியோ இயங்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து பலகை மறுபடி தொடங்கிய தொல்லையும் இந்த வாரத்தில்தான். 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று போட்டதும் தீர்ந்தது.

இனி கணிப்பு. 33 மில்லி நொடி தாமதம் என்று தெரியும், கையின் சுழற்சி வேகமும் தெரியும். இரண்டையும் பெருக்கி இப்போதைய கோணத்தோடு கூட்டினால் 33 மில்லி நொடி கழித்துக் கை எங்கே இருக்குமோ அந்த இடம். நிரலில் ஒரே வரி. வீசினேன். வீச்சின் நடுவில் வாள் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது, மெதுவியக்கப் பதிவில்கூட இடைவெளி தெரியவில்லை. பையனிடம் கொடுத்தேன். இருபதில் எட்டு. கணிப்பே இல்லாமல் அவன் பதினொன்று எடுத்திருந்தான்.

“இது இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறது மாமா.”

கை நிற்கும்போதுதான் கோளாறு. அவன் வீச்சை நிறுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 80 மில்லி நொடி. 600 டிகிரி வேகம் அதற்குள் பூச்சியமாகிறது என்றால் நொடி வர்க்கத்துக்கு 7500 டிகிரி வேகக் குறைப்பு. என் ஒற்றை வரிக் கணக்குக்கு இந்தக் குறைப்பு தெரியாது, கை அதே வேகத்தில் போகும் என்றே நம்புகிறது. 33 மில்லி நொடியில் அந்த நம்பிக்கை 4 டிகிரி பிசகுகிறது. மெழுகுவத்திகளுக்கு இடையே 5 டிகிரி, வாளுக்கும் கொஞ்சம் தடிமன் உண்டு. பக்கத்து மெழுகுவத்தி விழாமல் என்ன செய்யும்?

வேகக் குறைப்பையும் கணக்கில் சேர்த்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. கைரோவின் அடுத்தடுத்த அளவீடுகளைக் கழித்து அதைப் பெற்றேன். ஓரளவு பலித்தது, ஆனால் புதிய தொல்லை ஒன்று வந்தது. வெட்டுவதற்குப் பொத்தானை அழுத்தும்போது வாள் துள்ளியது. கட்டைவிரல் பொத்தானில் இறங்கும் கணத்தில் குழாய் மிக லேசாகத் திரும்புகிறது, நொடிக்கு 20 டிகிரி வேகத்தில், 10 மில்லி நொடிதான். கண்ணுக்குத் தெரியாது. கழித்துப் பெருக்கும் என் கணக்கில் அது கிட்டத்தட்ட 2 டிகிரித் துள்ளலாகிவிடுகிறது, குறி பார்த்து அழுத்தும் அதே கணத்தில். அந்தக் கணக்கை எடுத்துவிட்டேன்.

பொத்தானுக்குத் தனி வைத்தியம்: அழுத்தியது தெரிந்ததும் 40 மில்லி நொடிக்கு முன் வாள் எங்கே இருந்ததோ அந்தத் திசையையே வெட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன். நான்கு வரி நிரல்தான், ஆனால் மொத்த வேலையிலேயே எனக்குப் பிடித்த வரிகள் அவை.

வேகக் குறைப்பைப் பற்றிய அந்தக் கணக்கில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. எவ்வளவு தூரம் முன்னால் கணிக்கிறோமோ அதன் வர்க்கத்தில் பிழை வளர்கிறது. 33 மில்லி நொடிக்கு 4 டிகிரி. 20 மில்லி நொடிக்கு 1.5 டிகிரிதான். அப்படியானால் முழுத் தாமதத்தையும் கணிப்பால் அடைக்கப் பார்ப்பது பேராசை. 20ஐ மட்டும் கணித்துவிட்டு 13ஐ அப்படியே விட்டேன். பையனுக்கு இருபதில் பதின்மூன்று. விட்ட 13 மில்லி நொடியை அவன் கவனிக்கவே இல்லை. 108இல் நின்றுகொண்டே கணிக்க ஆரம்பித்திருந்தால் இதே கணக்கில் பிழை 30 டிகிரிக்கு மேல் போயிருக்கும். முன்னால் தாமதத்தை அளந்ததும் குறைத்ததும் எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசிக் கட்டம் போன வாரம். பொட்டலத்தில் வரும் மூன்று அளவீடுகளும் இறங்குமுகமாக இருந்தால் கை நிற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது கணிப்பை 20இலிருந்து பூச்சியத்துக்கு இறக்கினேன். ஒரே அடியாக இறக்கியதால் வாள் நடுவானில் பின்னால் குதித்தது. நொடிக்கு 600 டிகிரியில் 20 மில்லி நொடி என்பது 12 டிகிரி முன்னிலை, அதை ஒரே கணத்தில் பிடுங்கினால் குதிக்கத்தான் செய்யும். பொட்டலத்துக்கு 4 மில்லி நொடிக்கு மேல் குறைக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினேன். 20 பூச்சியமாக ஐந்து பொட்டலம், 75 மில்லி நொடி. கை நிற்க எடுக்கும் 80க்குள் அடங்குகிறது. இந்த 4 என்ற எண்ணை 2, 3, 6, 10 என்று வைத்தும் பார்த்தேன். 2க்குத் தாண்டல் மிச்சம் இருந்தது, 10க்குத் திக்கியது. நொடிக்கு 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் கணிப்பே கிடையாது. குறி பார்க்கும்போது நடுக்கத்தைப் பெருக்க வேண்டாம் அல்லவா.

நேற்று இரவு பையன் இருபதில் பதினேழு எடுத்தான். தவறிய மூன்றில் இரண்டு அவன் அவசரம். ஒன்று எனக்குப் புரியவில்லை. பதிவை எடுத்து வைத்திருக்கிறேன்.

மறுபடி செய்தால் மாற்றுபவை: தொலைக்காட்சியின் விளையாட்டு முறையை இயக்கி, மெதுவியக்கக் காணொளியில் எண்ணிவிட்டுத்தான் முதல் வரி நிரலை எழுதுவேன். முதல் மாதிரிக்கு யூஎஸ்பி கம்பியே போதும், புளூடூத்தைக் கடைசியில் சேர்ப்பேன். எந்தத் தவறு ரேடியோவினுடையது, எந்தத் தவறு என்னுடையது என்று பிரிக்க முடியாமல் இரண்டு வாரம் தவித்தேன். குழாய் 32 மில்லிமீட்டர் பையனின் கைக்குப் பெரியது, 25 போதும். அப்போது பேட்டரியையும் மெலிதாக வாங்க வேண்டும், அது இன்னும் விலை.

பொத்தானை மாற்றுவதுதான் முதலில் நடக்கும். இதன் ஸ்பிரிங் கடினம், அழுத்தத் தேவையான விசையே குழாயைத் திருப்புகிறது. மென்மையாக அழுங்கும் மவுஸ் பொத்தான் ஒன்றைப் பழைய மவுஸிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறேன். அதைப் போட்டால் அந்த 40 மில்லி நொடியை 20 ஆக்க முடிகிறதா என்று சனிக்கிழமை பையன் வந்ததும் பார்க்க வேண்டும்.